உணவு வாங்கி

இந்த அறையின் அலமாரியை அடுக்கியவருக்கு ஸ்டோர் பழக்கம் இல்லை என்று தெரிகிறது. கனமான கோப்புக் கட்டுகளை மேல்தட்டிலும், வெறும் காகிதங்களை அடித்தட்டிலும் வைத்திருக்கிறார். என்றைக்காவது ஒருநாள் அது யார் தலையிலாவது விழும். எடை கீழே, இலேசு மேலே, அடிக்கடி கை போகிற சாமான் கண்மட்டத்தில். இவ்வளவுதான் விஷயம். நீங்கள் ஆற அமரத் தேநீரைக் குடித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

ஒரு பெரிய மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். நடுவில் ஒரு சன்னல். அந்தப் பக்கம் நர்சுகள், வார்டு ஆட்கள், சமையற்கூடத்துக்காரர்கள். இந்தப் பக்கம் நான். பஞ்சு முதல் பால்பவுடர் வரை என் கை படாமல் ஒன்றும் வெளியே போகாது. பெரிய டாக்டர்களே சன்னலில் தலையை நீட்டி, "ஐயா, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்பார்கள். அத்தனை பேருக்கும் நான் ஸ்டோர் ஐயா. ஓய்வு பெற்ற இரண்டாவது வாரம் ஒரு கடைக்குப் போய் ரொட்டி கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஓரமா நில்லுங்க பெரியவரே" என்றார். அதுவரை யாரும் என்னை ஓரமாக நிற்கச் சொன்னதில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ரொட்டி வாங்காமல் கடையின் பின்பக்கமாகத் திரும்பினேன். அங்கே குப்பைத்தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு ஒருவர் டின்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. கடிகாரம் பழுது பார்ப்பவர், தொழில் படுத்துவிட்டது என்று பிறகு சொன்னார். என்னைக் கண்டதும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி பாவனை செய்தார். நான் அவர் கையிலிருந்த டின்னை வாங்கித் தட்டிப் பார்த்தேன். "இது ஆகாது, போட்டுடுங்க. அந்தச் சொட்டை விழுந்தது நல்லாத்தான் இருக்கு, அதைக் கொண்டுபோங்க" என்றேன். "எப்படிங்கய்யா கண்டுபிடிக்கிறீங்க?" என்று வாயைப் பிளந்தார். அந்த 'ஐயா'வைக் கேட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. இல்லாதவர்களுக்குச் சும்மா சாமான் கொடுக்கிற என் உணவு வங்கி அந்த இடத்தில்தான் பிறந்தது.

டின் உணவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், பின்னால் உங்களுக்குத் தேவைப்படும். நெளிந்த டின் எல்லாம் கெட்ட டின் இல்லை. விரல் முட்டியால் மூடியில் தட்டினால் நல்லது அடக்கமாகச் சத்தம் கொடுக்கும், கெட்டது வெறும் பானை மாதிரி ஒலிக்கும். முழுக்க வீங்கியதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முந்தைய நிலை ஒன்று உண்டு. பார்வைக்குத் தட்டையாக இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் மெல்ல உள்ளே போகும், விரலை எடுத்தால் மெல்ல மேலே வரும். அதை நான் 'மூச்சு விடுற டின்' என்பேன். சிலசமயம் உள்ளே இருப்பது நாற்றம்கூட அடிக்காது. என் விரலுக்கு அது ஒருமுறையும் தப்பியதில்லை.

மூடிக்கிடந்த சைக்கிள் கொட்டகை ஒன்றைச் சும்மா கேட்டு வாங்கினேன். மூன்று கடைகளும் ஒரு பேக்கரியும் மிச்சம் மீதியைத் தர ஒப்புக்கொண்டன. போர்டு எழுதுபவரிடம் 'உணவு வங்கி' என்று எழுதச் சொன்னேன். அவர் வேறு ஏதோ நினைப்பில் ஒரு கால் கூடுதலாகப் போட்டு 'உணவு வாங்கி' என்று எழுதிவிட்டார். கடிகாரக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வங்கின்னா கணக்குத் தொடங்கணுமோன்னு சனங்க பயப்படும். இதுவே இருக்கட்டும்யா" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. வருகிறவரை 'வாங்க' என்கிறோம். அவர் வருவதும் வாங்கத்தான். ஒரே சொல்லில் நம்முடைய மரியாதையும் இருக்கிறது, அவர் கை நீட்டுவதும் இருக்கிறது.

உள்ளே பலகைத் தடுப்பு அடித்து ஒரு சன்னல் வெட்டச் சொன்னேன். தச்சர் அளவு தவறி, கொஞ்சம் தாழ்வாக வெட்டிவிட்டார். பெரியவர்கள் எல்லோரும் சற்றுக் குனிந்துதான் வாங்க வேண்டியிருந்தது. மாற்றித் தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சன்னல் திறப்பேன். முதலில் பன்னிரண்டு குடும்பம், நான்காவது வருடம் நூற்று நாற்பது. ஒவ்வொரு டின்னையும் நானே தட்டிப் பார்த்து, அடியில் நீலக் காப்பிப் பென்சிலால் 'வா' என்று எழுதி, கீழே அன்றைய தேதியைப் போடுவேன். 'வாங்கலாம்' என்பதன் சுருக்கம். அந்தப் பென்சில் எழுத்து ஈரம் பட்டால் இன்னும் அழுத்தமாகப் பதியும், மருத்துவமனைக் காலத்திலிருந்தே என்னிடம் இருப்பது. வா இல்லாத டின் என் சன்னலைத் தாண்டியதில்லை. தேறாதவற்றை மேசைக்கடியில் ஒரு மரப்பெட்டியில் போட்டுவைத்து மாதம் ஒருமுறை குழி வெட்டிப் புதைப்பேன். என் கையால் வாங்கித் தின்ற ஒருவருக்கும் வயிற்றுவலிகூட வந்ததில்லை. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

தையல்காரம்மாவைப் பற்றிப் பேசாமல் நாளைக் கடத்துவதாக நினைக்காதீர்கள். வரிசைப்படிதான் வருகிறேன். கணவர் விட்டுவிட்டுப் போனவர். இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு பழைய மெஷினை வைத்துக்கொண்டு கிழிசல் தைப்பது, பித்தான் வைப்பது என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். வரிசையில் எப்போதும் மூன்றாவதோ நான்காவதோ நிற்பார். இரண்டு கையாலும் வாங்கி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும்யா" என்பார். மற்றவர்களும் ஏதாவது சொல்வார்கள்தான், வாய்ப்பாடு மாதிரி. இவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்வார். ஒருமுறை அவர் பையில் ஒரு காளான் டின் போட்டேன். சிரித்துவிட்டார். "பிள்ளைங்க இதைத் தொடவே தொடாதுய்யா, புழு மாதிரி இருக்காம். எனக்குன்னா உசிரு. இன்னைக்காவது நான் ஒண்டியா உக்காந்து சாப்பிடுறேன்" என்றார். மற்ற நாட்களில் பிள்ளைகளுக்குப் போட்டதுபோக மிச்சத்தைத்தான் சாப்பிடுகிறார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். வரிசையில் வேறு யாரும் காளானை விரும்பியதில்லை, மாற்றிக் கேட்பார்கள். அதனால் காளான் வந்தால் அவருக்கென்று எடுத்துவைப்பேன். அவர்மேல் எனக்கு ஒரு வாஞ்சை இருந்தது. அதை மறைக்க அவசியம் இல்லை.

என் மகனுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பத்து மாதம் தண்ணீரில்தான் இருப்பான். மருமகள் என்னோடு இருக்கிறாள். நூலகத்தில் வேலை பார்க்கிறாள். தங்கமான பெண். போன வருடம் எனக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் படுத்துவிட்டேன். கொட்டகையை அவள் பார்த்துக்கொண்டாள். நான் எழுந்து போய்ப் பார்த்தபோது தடுப்பைக் காணோம், சன்னலைக் காணோம். சுவரோரமாக நீள அலமாரி. ஆளுக்கொரு கூடையோடு உலாத்திக்கொண்டு, பிடித்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு போகிறார்கள். வெளியே போர்டில் 'வாங்கி'யின் அந்தக் காலைச் சுரண்டி எடுத்திருந்தாள்.

"லைப்ரரில யாரும் என்கிட்ட கை நீட்டி வாங்குறதில்ல மாமா. அவங்களே பாத்து எடுத்துக்குறாங்க. சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் குனிஞ்சு நிக்கணும்?" என்றாள்.

"புத்தகம் கெட்டுப்போனா யாரும் சாகமாட்டாங்கம்மா."

"அதான் நாங்க ரெண்டு மூணு பேர் தேதி பாத்து அடுக்குறோமே. வீங்கினது, துருப்பிடிச்சது எல்லாத்தையும் எடுத்துடறோம்."

"மூச்சு விடுறது?"

"அப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல மாமா. நீங்க இத்தனை வருஷம் ஒத்தை ஆளா மாரடிச்சது போதும். வந்து ஹாயா உக்காருங்க" என்று சிரித்தாள். வாசலருகே எனக்கு மெத்தை வைத்த நாற்காலி ஒன்று போட்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை முழுவதும் அதில் உட்கார்ந்திருந்தேன். கடிகாரக்காரர் போகிற போக்கில், "தேறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பருப்பு இருக்கிற பக்கம் போனார். பத்து மணிவரை ஒருவர் வாயிலிருந்தும் 'ஐயா' வரவில்லை. தையல்காரம்மா வந்தார். ஒரு டின்னை எடுத்தார், திருப்பி வைத்தார், இன்னொன்றை எடுத்தார். மருமகளிடம், "நானா ஒண்ணை எடுத்து, பிடிக்கலன்னு திருப்பி வெச்சு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டி வெளியே போனார். அலட்சியம் செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவர் கண்ணில் நான் படவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

புது ஏற்பாடு ஆபத்தானது. இதை நான் இன்றைக்கும் சொல்வேன். இன்றில்லாவிட்டால் நாளை யாராவது ஒருவர் கையில் ஒரு மூச்சு விடுற டின் சிக்கத்தான் போகிறது. மருத்துவமனையில் வருடத்துக்கு ஒருமுறை தீ ஒத்திகை வைப்பார்கள். மணியடித்து எல்லோரையும் கீழே ஓடவிடுவார்கள். இரண்டு பேருக்குக் கால் சுளுக்கும், ஆனால் அத்தனை பேருக்கும் புத்தியில் பதியும். நான் செய்தது அந்த மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேசைக்கடியில் மரப்பெட்டி அப்படியே இருந்தது. நான் படுத்திருந்ததால் புதைக்க ஆளில்லை. அதில் மூச்சு விடுகிறவை மூன்று. ஒன்று மீன், ஒன்று பீன்ஸ், ஒன்று காளான். அடுத்த சனிக்கிழமை, கூட்டித் துடைக்கிறேன் என்று சொல்லி எட்டு மணிக்கே போனேன். காளானை மட்டும் எடுத்துத் தூசியைத் துடைத்து, அலமாரியில் கண்மட்டத்தில் கை போகிற இடத்தில் வைத்தேன். மூன்றில் ஏன் காளான் என்று நேற்று உங்கள் உதவியாளர் கேட்டார். பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்பதால்தான். மீனை வைத்திருந்தால் எந்த வீட்டுப் பிள்ளையின் வாயில் போயிருக்குமோ. அந்த அளவுக்கு யோசித்துத்தான் செய்தேன்.

ஒன்பதேகாலுக்கு அவர் அதை எடுத்தார். வாசலுக்கு வரும்போது பை கனத்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து, ஒரு கை கொடுத்துப் படி இறக்கிவிட்டேன். "ஐயோ, போன வாரம் உங்களைக் கவனிக்கவே இல்லயேய்யா. வீட்டுக்குப் போனப்புறம்தான் நெனச்சுக்கிட்டேன். உடம்பு இப்போ தேவலையா?" என்றார். தேவலை என்றேன். "நீங்க நல்லா இருக்கணும்யா" என்றார். பையின் மேலாகவே அந்த டின் தெரிந்தது. கை விட்டு அதை எடுத்திருக்கலாம். அடுத்தவர் பையிலிருந்து எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை கடைகளிலிருந்து சாமான் வரும் நாள். நான் மட்டும் கொட்டகையில் இருந்தேன். தையல்காரம்மாவின் சின்னவள் மூச்சு வாங்க ஓடிவந்தாள். எட்டு வயது.

"லைப்ரரி அக்கா இல்லையா தாத்தா?"

"வேலைக்குப் போயிருக்கா. என்னம்மா?"

"அம்மாவுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதாம். ஊசில நூல் கோக்க முடியல, ரெண்டு ஊசி தெரியுதுங்குறாங்க. கண்ணு வேற தானா மூடிக்குது. முழுங்க முடியலையாம். அக்காவைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

எனக்குத் தெரிந்துவிட்டது. மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் சும்மா இருக்கவில்லை. முதலில் கண், பிறகு தொண்டை, பிறகு மூச்சு. அதற்கு மருந்து உண்டு. எங்கள் ஸ்டோரில் குளிர்பெட்டியின் மூன்றாவது தட்டு, நானே வைத்துப் பராமரித்தது. சீக்கிரம் கொடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் இன்ன டின்னைத் தின்றார் என்று யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். "கண்ணு முழிச்சுத் தைச்சா அப்படித்தாம்மா இருக்கும். கண்ணாடி போட்டாச் சரியாயிடும்" என்று சொல்லி ஒரு பாக்கெட் பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்பினேன். மருமகளிடம் இதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொல்லியிருந்தேன். அது சரியில்லை, அடித்துவிடுங்கள். மறக்கவில்லை, சொல்லவில்லை.

புதன்கிழமை அக்கம்பக்கத்தார் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். டாக்டர்கள் முதலில் மூளையில் அடைப்பு என்று நினைத்தார்கள். சாப்பாட்டின்மேல் சந்தேகம் திரும்புவதற்குள் வாரம் முடிந்துவிட்டது. அதிகாரிகள் கொட்டகைக்கு வந்து அலமாரியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், அவர் வீட்டுக் குப்பையைக் கிளறினார்கள். டின் கிடைக்கவில்லை. அவர் காளான் டின் எடுத்த ஞாபகம் மருமகளுக்கு இருந்தது, அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நான், "சன்னல் இருந்த காலத்துல கேட்டிருந்தா டின் டின்னாச் சொல்லியிருப்பேங்க. இது அவங்களா எடுத்தது" என்றேன். மருத்துவமனையில் சேர்த்த ஒன்பதாவது நாள் தையல்காரம்மா இறந்துபோனார். கடைசிவரை நினைவு தெளிவாக இருந்ததாம், இமையைத் தூக்கத்தான் முடியவில்லையாம். எனக்கு வருத்தமாக இருந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மருமகள் அலமாரியைத் தன் கையாலேயே கழற்றினாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, "நான் கொன்னுட்டேன் மாமா, அந்த அம்மாவை நான்தான் கொன்னுட்டேன்" என்று அழுதாள். "உன்மேல தப்பில்லம்மா. உனக்குத் தட்டிப் பாக்கத் தெரியல, அவ்வளவுதான்" என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். அதன்பிறகு அவள் கொட்டகைப் பக்கம் வரவில்லை. பாதியாக இளைத்துவிட்டாள். தச்சர் வந்து பழையபடி தடுப்பு அடித்தார். இந்தத் தடவை சன்னலை எந்த உயரத்தில் வெட்டட்டும் என்று கேட்டார். அதே உயரத்தில் என்றேன். போர்டில் அந்தக் காலை நானே ஏணி வைத்து ஏறிப் போட்டேன். அடுத்த சனிக்கிழமை வரிசை தெருமுனைவரை நின்றது. சன்னல் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஐந்து மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தையல்காரம்மாவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சித்தி வந்துவிட்டார். பெரியவள் புத்தகம் எடுக்க நூலகத்துக்குப் போகிறவள். மருமகளின் சட்டைக் கையில் ஒரு பித்தான் இல்லாததைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் அம்மாவின் பித்தான் டின்னைக் கொண்டுவந்து, "இதுல உங்களுக்குப் பொருத்தமா இருக்கும்கா, நானே தெச்சுத் தரேன்" என்று மேசையில் கொட்டியிருக்கிறாள். தையல்காரம்மா எதையும் வீணாக்காதவர். காளானைச் சாப்பிட்ட கையோடு டின்னைக் கழுவித் துடைத்துப் பித்தான் போட்டு வைத்திருக்கிறார். மருமகள் வெறும் டின்னைக் கவிழ்த்திருக்கிறாள். அடியில் நீலத்தில் 'வா'. கழுவியதில் இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. கீழே தேதி, அவர் அலமாரியிலிருந்து காளானை எடுத்த அந்தச் சனிக்கிழமை.

ஏன் எழுதினீர்கள் என்று நீங்களும் கேட்டீர்கள், உங்கள் மேலதிகாரியும் கேட்டார். கைப்பழக்கம். என் கையிலிருந்து ஒரு சாமான் எழுத்து இல்லாமல் போவதை என்னால் தாங்க முடியாது.

அன்று மாலை அவள் டின்னை என்முன் வைத்தாள். சத்தம் போடவில்லை.

"மாமா, தட்டிப் பாக்காம நீங்க எதுலயும் வா எழுத மாட்டீங்க, இல்ல?"

"மாட்டேன்மா."

"ஆபரேஷன் ஆகி அப்போதான் எழுந்திருந்தீங்க. கை நடுங்கிட்டு இருந்துச்சு. ஒண்ணு தவறியிருக்கும். அப்படித்தானே மாமா?"

அவள் கண் நிறையத் தண்ணீர். நான் ஆமாம் என்று சொல்ல வேண்டுமே என்று தவித்துக்கொண்டு நின்றாள். சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள், நீங்களும் நம்பியிருப்பீர்கள். வயதான ஆள், விரல் மரத்துப்போய்விட்டது, பாவம் என்று விட்டிருப்பீர்கள். நான் டின்னைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எழுத்தில் ஒரு நடுக்கமும் இல்லை.

"முப்பத்தொரு வருஷத்துல நான் ஒண்ணைக்கூடத் தப்பாத் தட்டினதில்லம்மா. அது மூச்சு விடுற டின்தான். வைக்கும்போதே தெரியும்" என்றேன்.

அவ்வளவுதான். அவள் நேரே உங்களிடம் வந்துவிட்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். கொட்டகைக்கு நீங்கள் பூட்டுப் போட்டது மட்டும் சரியில்லை. சனிக்கிழமை வந்தால் நூற்று நாற்பது குடும்பம் வந்து நிற்கும். பூட்டுவதற்கு முந்தைய வாரம் தையல்காரம்மாவின் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். எப்போதும்போல இரண்டு பங்கு போட்டேன். சின்னவளுக்கு அந்தச் சன்னல் தாழ்வில்லை. எக்கி நின்று இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் தாத்தா" என்றாள், அச்சு அசல் அம்மா மாதிரியே. எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். கையெழுத்துப் போடுகிறேன், எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரே ஓர் இடத்தைத் திருத்த வேண்டும். 'கெட்டுப்போன டின்னைக் கொடுத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒருவருக்கும் கெட்டதைக் கொடுத்தவன் இல்லை. தெரிந்துதான் வைத்தேன், அவர் எடுப்பார் என்று தெரிந்துதான் வைத்தேன். ஆனால் அவர் அதை என் கையால் வாங்கவில்லை. அவராகத்தான் எடுத்துக்கொண்டார்.